சூளை என்று நினைத்த புள்ளி

ஜூன் 4

அண்ணிக்கு,

அம்மாவின் முழங்காலுக்கான மருந்தைப் படகுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். மருந்து போய்ச் சேர்ந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். பொட்டலத்தைக் கட்டி முடித்தபிறகு, கூடவே நாலு வரி எழுதினால் என்ன என்று தோன்றியது. ஃபோனில் என் நம்பர் வந்தால் நீங்கள் எடுப்பதில்லை. கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

போன மழைக்காலத்தில் நடந்ததைக் கிளறக்கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கிளறாமல் எழுதினால் பக்கத்து வீட்டுக்காரிக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது. ஆமாம், செயற்கைக்கோளின் வெப்பப் படத்தில் தீவின் தெற்குச் சரிவில் ஒரு சூடான புள்ளியைப் பார்த்து, எரிமலை விழித்துக்கொண்டது என்று எச்சரிக்கை கொடுத்தவள் நான்தான். தீவே காலியாகி, எல்லோரும் கரைப் பள்ளிக்கூடத்தில் பாயை விரித்தபிறகுதான் தெரிந்தது, அது நம் செங்கல் சூளை என்று. அண்ணன் இருந்தவரை ஒவ்வொரு தடவையும் எனக்கு ஃபோன் பண்ணுவான். “தும்பி, நாளைக்கு மூட்டுறேன், பயந்துடாத” என்பான். நானும் குறித்துக்கொள்வேன். அவன் போனபிறகு நீங்கள் மூட்டிய முதல் சூளைக்கு அந்த ஃபோன் வரவில்லை. அதைத்தான் அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் கேட்டேன். ஊரே நிற்கும்போது கேட்டது தப்பு. “அண்ணன் இருந்திருந்தா இப்படி நடக்குமா” என்றது அதைவிடத் தப்பு. ஆனால் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு நீங்களும் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

அந்தக் கூத்துக்குப் பிறகு அலுவலகத்தில் சூளை இருக்கும் இடத்தை ‘தெரிந்த சூடு’ என்று மூடிவிட்டார்கள். உலை, சூளை, குப்பைமேடு எல்லாவற்றையும் அப்படித்தான் செய்வது. இல்லாவிட்டால் கணினி ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும். கணினி கத்தாவிட்டாலும் நான் மட்டும் தினமும் அந்த இடத்தைத் திறந்து பார்ப்பேன். காலைப் படத்தில் புகைபோக்கியின் நிழல் ஒரு மெல்லிய கோடாக விழும். அதைப் பார்த்தால் வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்வந்த மாதிரி இருக்கும்.

கொஞ்ச நாளாகச் சூளை ஓய்வே இல்லாமல் எரிகிறது போலிருக்கிறது. புள்ளி அணையவே இல்லை. தொழில் சூடு பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது. நீங்கள் பேசாவிட்டாலும் பரவாயில்லை, நன்றாக இருங்கள்.

தும்பி


ஜூன் 9

மேலே இருந்து எல்லாவற்றையும் பார்க்கும் அம்மையார் அவர்களுக்கு,

மருந்து வந்தது. உன் அம்மா அதை ஒரு வேளை தடவிவிட்டு, ஒன்றும் குணம் தெரியவில்லை என்று பழைய தைலத்துக்கே திரும்பிவிட்டார். இப்போது என் தலைமாட்டில் நின்றுகொண்டு “எழுது, எழுது” என்று பிடுங்குகிறார். அத்தை சொன்னதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். எனக்காக எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

தொழில் சூடு பிடித்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்ச உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்குச் சூளை பாதி வேக்காட்டில் இருந்தது. தீயைப் பார்த்துத் தள்ள ஆள் வேண்டும். போலீஸ்காரர் வந்து கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் படகில் ஏற்றினார். திரும்பி வந்து பிரித்தால் மேலடுக்கில் கல் உருகி ஒட்டிக் கிடக்கிறது, கீழடுக்கு தொட்டால் உதிர்கிறது. களத்தில் காயப்போட்டிருந்த பச்சைக்கல் முழுதும் மழையில் கரைந்து மறுபடி சேறாகிவிட்டது. உன் அண்ணன் கட்டின புகைபோக்கியில் நெடுக விரிசல். அன்றிலிருந்து இன்றுவரை அந்தச் சூளையில் ஒரு குச்சிகூட நான் பற்றவைக்கவில்லை. சூளை மேஸ்திரி ரோட்டு வேலைக்குப் போகிறார். நான் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் பெட்டி அடுக்குகிறேன். நெருப்பிலிருந்து நேரே ஐஸுக்கு வந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான் என்று மேஸ்திரி கிண்டல் பண்ணுகிறார்.

அடுப்பில் பூனை தூங்குகிறது என்பார்களே, நம் சூளையில் நிஜமாகவே ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. அதுவும் போன வாரம் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வந்து அத்தையின் தையல் மெஷினுக்கு அடியில் குடியேறிவிட்டது. பூனைக்கே அலுத்துப்போன சூளை உனக்கு எரிகிறதாம். உன் செயற்கைக்கோளுக்குக் கண்ணாடி மாற்றச் சொல்.

கேட்ட கேள்விக்குப் பதில் இப்போதும் கிடையாது.

அத்தை உன்னை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்கிறார்.

அண்ணி


ஜூன் 12

அண்ணி,

சண்டையை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள். படகுக்காரரிடம் பதில் வாங்காமல் திரும்பக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு எத்தனை தடவை ஃபோன் செய்தேன் என்று எனக்கே தெரியாது. ஐஸ் கம்பெனியில் எடுத்தவர், “அவங்க உங்க பேரைச் சொன்னாலே கூப்பிடாதேன்னு சொல்லியிருக்காங்க” என்று வைத்துவிட்டார்.

சூளையில் தீ இல்லை என்றால் அந்தப் புள்ளி சூளை இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நேரே கணினி முன்னால் போய் உட்கார்ந்தேன். பழைய படங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். சூளைச் சூடு என்றால் மூட்டும்போது ஏறும், வெந்து முடிந்தால் இறங்கும். இது இறங்கவே இல்லை, மெதுவாக ஏறிக்கொண்டே வருகிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டு உங்களுக்கு வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அந்த இடத்தை மூடி வைத்திருந்ததால் கணினியும் வாயைத் திறக்கவில்லை. மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் படம் ஒன்றும் கேட்டு வாங்கினேன். சூளையைச் சுற்றித் தரை ஒரு விரற்கடை உயர்ந்திருக்கிறது.

எங்கள் அலுவலகத் தலைவரிடம் ஓடினேன். “மறுபடியும் உங்க வீட்டுச் சூளையாம்மா?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பாவமாகப் பார்த்துச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. கருவிகளோடு ஒரு குழுவை அனுப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறார். கடல் கொந்தளிப்பாக இருப்பதால் குழு எப்போது கிளம்பும் என்று அவருக்கே தெரியவில்லை. துறைமுக அதிகாரியை நானே கூப்பிட்டேன். உத்தரவு இல்லாமல் ஒரு ஆளைக்கூட நகர்த்த முடியாது, போன தடவை வாங்கிக் கட்டிக்கொண்டதே போதும் என்று சொல்லிவிட்டார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் பேச்சின் மதிப்பு போன மழைக்காலத்தோடு போய்விட்டது.

அதனால் உங்களைக் கேட்கிறேன். சூளைக்குள் இறங்கித் தரையைப் பாருங்கள். உங்களிடம் கருவி எதுவும் கிடையாது. ஆனால் சூட்டோடு புழங்கியே பழகின கை உங்களுடையது. சும்மா கிடக்கிற சூளைத் தரை எப்படி இருக்கும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். அப்படி இல்லையென்றால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இந்தப் படகிலேயே வந்துவிடுங்கள். நான் மறுபடியும் தப்பாகச் சொல்லியிருந்தால் வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லித் திட்டுங்கள், தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறேன். சரியாகச் சொல்லியிருந்தால் திட்டுவதற்காவது நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும்.

தும்பி


ஜூன் 13

தும்பி,

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். துறைமுகத்தில் ஒரு மூட்டைமேல் வைத்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் வந்தது ஆத்திரம்தான். ஒரு தடவை குடியைக் கெடுத்தது போதாதா என்று கசக்கி எறிந்தேன். அப்புறம் பூனை ஞாபகம் வந்தது. மேஸ்திரியை அழைத்துக்கொண்டு சூளைக்குள் இறங்கினேன். கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரிந்தது. வெயில் சூடாக இருக்கலாம் என்றார் மேஸ்திரி. சரி என்று ஈரக் களிமண்ணில் ஒரு கல் அறுத்து நிழல் விழும் மூலையில் வைத்துவிட்டு வெளியே வந்தோம். டீ குடித்து, பழைய கதை பேசி, மறுபடி போய்க் கல்லைப் புரட்டினேன். வெயிலில் காய்கிற கல் மேலேயிருந்து காயும். இது அடியிலிருந்து காய்ந்து, அடிப்பக்கம் வெடித்திருந்தது. நானும் மேஸ்திரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே ஏறினோம்.

மலைக்கு இங்கே பெண்கள் வைத்திருக்கும் பெயர் உனக்குத் தெரியும். மாமனார். எந்நேரமும் உறுமுவார், ஒன்றும் செய்யமாட்டார். இந்தத் தடவை உறுமக்கூட இல்லையடி. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அத்தையை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பலாம் என்றுதான் வீட்டுக்கு ஓடினேன். வழியில் எதிர் வீட்டுப் பெண் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிப் போகக் கால் வரவில்லை. சொன்னேன். அவள், “ஏங்க்கா, போன தடவை எச்சரிக்கையே பொய்னு பள்ளிக்கூட வாசல்ல நின்னு ஊரைக் கூட்டிக் கத்தினது நீங்கதானே?” என்றாள். “ஆமாடி, நான்தான். அந்த நானே சொல்றேன், கிளம்பு” என்றேன். உடனே துணியைக் கீழே போட்டுவிட்டாள்.

அப்புறம் தெருத்தெருவாக அதே பேச்சுதான். எச்சரிக்கையை ஊரிலேயே அதிகமாகக் கேலி பண்ணினவள் வந்து கிளம்பச் சொல்கிறாள் என்றதும் யாரும் எதிர்க் கேள்வி கேட்கவில்லை. அதிகாரிதான் உத்தரவு, உத்தரவு என்று முணுமுணுத்தார். அந்தக் கல்லைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தாரா, வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தாரா தெரியாது. மீன்பிடிப் படகு எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டார்.

அத்தை முதல் படகில் வருகிறார், இந்தக் கடிதம் அவர் கையில்தான் இருக்கிறது. தையல் மெஷின் இல்லாமல் அடி நகர மாட்டேன் என்று பிடிவாதம். செங்கல் வண்டியில் வைத்துத் தள்ளி வந்தோம். பூனையும் குட்டிகளும் மெஷினோடு சேர்த்தி. நான் மேல்தெரு ஆட்களையும் ஏற்றிவிட்டு மேஸ்திரியோடு கடைசிப் படகில் வருகிறேன். அத்தையைப் பார்த்துக்கொள்.

நான் வர நேரமானால் பதறாதே.

அண்ணி


ஜூன் 21
கரைப் பள்ளிக்கூடம்

தும்பிக்கு,

நீ வந்து எட்டிப்பார்த்துவிட்டு ஓடின அரை மணி நேரத்தில் எதுவும் பேச முடியவில்லை. இரண்டு பேரும் அழுததிலேயே நேரம் போய்விட்டது. சாம்பல் எந்தப் பக்கம் போகிறது என்று நீ பார்த்துச் சொன்னால்தான் கப்பலும் விமானமும் வழி மாறும் என்று உன் அம்மா இங்கே எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறார். நீ ஏன் மறுபடி வரவில்லை என்று இனிமேல் கேட்கமாட்டேன்.

எங்கள் படகு பாதிக் கடலில் இருக்கும்போது மலை வெடித்தது. சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் தெற்குச் சரிவில் கறுப்பாக எழும்பி நிற்கிறது. மேஸ்திரி, “நம்ம சூளைம்மா, அது நம்ம சூளை” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். மேலேயிருந்து சாம்பல் கொட்டிக்கொண்டே வந்தது. ஒரு ஆள்கூடக் குறையவில்லை. எண்ணி எண்ணிப் பார்த்தோம்.

இங்கே போன தடவை படுத்த அதே வகுப்பறைதான் கிடைத்தது. நாம் சண்டை போட்ட அதே வாசல். நேற்று அங்கே உட்கார்ந்திருந்தேன். நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன்.

சூளை மூட்டுவதற்கு முதல் நாள் ஃபோனைக் கையில் எடுத்தேன். உன் நம்பரைக்கூடப் போட்டுவிட்டேன். “நாளைக்கு மூட்டுறேன், பயந்துடாத.” அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் நான் பக்கத்தில்தான் நிற்பேன். அதே வார்த்தையை என் வாயால் சொன்னால், அவர் இனிமேல் வந்து சொல்லப்போவதில்லை என்று ஆகிவிடும். ஃபோனை வைத்துவிட்டேன். அவ்வளவுதான். அதை உன்னிடம் சொல்லத் தெரியாமல்தான் ஊர் முன்னால் அப்படிக் கத்தினேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். வீடு இருக்கிறதா? இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். உனக்குத்தான் தெரியும். அத்தைக்கு எழுதாதே, எனக்கு எழுது.

அண்ணி


ஜூன் 24

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாளாகப் பதில் எழுதாமல் இருந்தேன். வீட்டைப் பற்றி எழுத மனம் வராததால் இல்லை. அந்த ஃபோனைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைத் தாண்டிக் கீழே படிக்க முடியவில்லை. எனக்கும் அந்தக் குரல் வேண்டியிருந்தது, அண்ணி. அது வரவில்லை என்ற கோபத்தைத்தான் உங்கள்மேல் கொட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது.

மறைக்காமல் சொல்கிறேன். நேற்றுத்தான் தெளிவான படம் கிடைத்தது. சூளை இல்லை. தரை திறந்ததே அந்த இடத்தில்தான். காலைப் படத்தில் புகைபோக்கி நிழலைத் தேடினேன், இல்லை என்று தெரிந்தும் தேடினேன். வீட்டுச் சுவர்கள் நிற்கின்றன. கூரை சாம்பல் கனத்தில் உள்ளே விழுந்திருக்கிறது. ஜன்னல் உயரத்துக்குச் சாம்பல். மேல்தெருவில் ஒரு வீடும் மிச்சமில்லை. துறைமுகமும் வடக்குப் பக்கமும் தப்பித்தன. உங்கள் ஐஸ் கம்பெனி குத்துக்கல் மாதிரி நிற்கிறது.

மேல்தெருவைப் பார்த்தபோது எந்த இடத்தில் யார் வீடு இருந்தது என்று ஒவ்வொன்றாக எண்ணினேன். அங்கிருந்த அத்தனை பேரும் இப்போது பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தபிறகுதான் மூச்சு வந்தது.

அதிகாரியின் மேஜையில் நீங்கள் வைத்த கல்லை அவர் எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். தலைவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் குழு போகட்டும்னு உட்கார்ந்திருந்தேன்” என்றார். அப்புறம் எனக்கு ஒரு டீ வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனார். அவர் டீ வாங்கி யாரும் பார்த்ததில்லை. கல் என் மேஜையில்தான் இருக்கிறது.

அம்மாவையும் உங்களையும் என் வீட்டுக்குக் கூட்டி வருகிறேன். சின்ன வீடுதான். பூனைக்கும் இடம் உண்டு.

தும்பி


மார்ச் 2

தும்பிக்கு,

உன் வீட்டில் ஆறு மாதம் உட்கார்ந்து தின்றதில் நான் இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டேன். இங்கே வந்து மண் மிதித்ததில் ஒரு சுற்று இளைத்தாயிற்று. அத்தைக்கு உன் டிவியும் தையல் மெஷினும் போதும், என்னை மறந்துவிட்டிருப்பார். மறக்கவில்லை என்றால் நான் நன்றாக இருப்பதாகச் சொல்.

வடக்குப் பக்கம் துறைமுகத்துக்கு மேலே இருக்கும் மேட்டில் இடம் கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வந்தவர்களுக்கு வீடு கட்டக் கல் வேண்டும். கரையிலிருந்து படகில் கல் ஏற்றி வந்து கட்டினால் ஆயுசு முடிந்துவிடும். களிமண்ணோடு சலித்த சாம்பலையும் கலந்து அறுத்துப் பார்த்தோம். மேஸ்திரி முதலில் மூஞ்சியைச் சுளித்தார். காய்ந்தபிறகு தட்டிப் பார்த்துவிட்டு, “மாமனார் நம்ம சூளையைப் பிடுங்கினதுக்குக் கூலி கொடுத்துட்டார்மா” என்றார். எதிர் வீட்டுப் பெண்தான் இப்போது கல் அறுக்கிறாள். நல்ல கை. வாய்தான் ஓயாது.

புகைபோக்கி எதுவும் இல்லை. கல்லை அடுக்கி மேலே மண் பூசின நாட்டுச் சூளைதான். உன் படத்தில் நிழல் விழாது. வேறு எது தெரியுமோ, அதைப் பார்த்துக்கொள்.

இன்றைக்கு அடுக்கி முடித்தோம். அவரை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். உன்னைக் கூப்பிட்டுச் சொல்லத்தான் ஃபோனை எடுத்தேன். இரண்டு பேரும் அழுதுகொண்டே இருந்தால் விஷயம் போய்ச் சேராது என்று கடிதமாக எழுதிப் படகில் கொடுக்கிறேன். இது உன் கையில் கிடைக்கும் வரை பற்றவைக்கமாட்டேன். கிடைத்துவிட்டது என்று படகுக்காரர் வந்து சொன்ன மறுநாள்தான்.

நாளைக்கு மூட்டுகிறேன், பயந்துவிடாதே.

அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணி,

முதல் நாள் மேகம். இரண்டாம் நாளும் மேகம். எரிச்சலில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. “நீ பார்த்தாதான் கல் வேகுமா, பேசாம சாப்பிடு” என்றார் அம்மா. இன்றைக்குத்தான் வானம் திறந்தது. வடக்கு மேட்டில் கடுகு போல ஒரு புள்ளி.

இதையும் ‘தெரிந்த சூடு’ என்று மூடிவிடலாமா என்று தலைவர் கேட்டார். வேண்டாம், திறந்தே இருக்கட்டும், ஒவ்வொரு தடவை கணினி கத்தும்போதும் நானே பார்த்துப் பதில் சொல்கிறேன் என்றேன். சரி என்று சொல்லிவிட்டார்.

அவர் அந்தப் பக்கம் போகவும் கணினி கத்தவும் சரியாக இருந்தது. போன வாரம் வேலைக்குச் சேர்ந்த பெண், முகமெல்லாம் வெளிறிப்போய் என் மேஜைக்கு ஓடி வந்தாள்.

“மேடம், தீவுல வடக்குப் பக்கம் புதுசா ஒரு சூடு தெரியுது. மறுபடியும் எரிமலையா?”

“இல்லம்மா. எங்க அண்ணி சூளை மூட்டியிருக்காங்க. சொல்லிட்டுத்தான் மூட்டினாங்க” என்றேன்.

தும்பி